நீலகிரி என்பது மரத்தின் பெயரல்ல

பெங்களூருக்குப் போய் "நீலகிரி" என்று சொல்லிப் பாருங்கள். மலையைக் காட்ட மாட்டார்கள். மரத்தைக் காட்டுவார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் மராத்தியிலும் இந்தியிலும் யூகலிப்டஸ் மரத்துக்குப் பெயரே நீலகிரிதான். வடக்கே படையெடுத்துப் போன சேரன் செங்குட்டுவன் வழியில் தங்கிய மலை என்று சிலப்பதிகாரம் சொல்கிற அந்தப் பெயர், 1843இல் கப்பலேறி வந்த ஒரு ஆஸ்திரேலிய மரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாடகைக்கு வந்தவன் பெயருக்கே வீட்டுப் பட்டா மாறிய கதை இது.

பெயர் போனால் போகட்டும். மலையுமல்லவா போய்க்கொண்டிருக்கிறது?

ஊட்டிக்குச் சுற்றுலா போய் வந்த எவரையும் கேளுங்கள். "ஆகா, என்ன காடு! வானத்தைத் தொடுகிற மாதிரி மரங்கள்! அந்த வாசனை இருக்கே..." என்பார்கள். வரும்போது மறக்காமல் ஒரு பாட்டில் தைலமும் வாங்கி வந்திருப்பார்கள். அவர்கள் பார்த்தது காடு அல்ல. யாரோ அளந்து, குழி தோண்டி, வரிசையாக நட்டு வளர்த்த தோட்டம். கரும்புத் தோட்டத்தைக் காடு என்று யாரும் சொல்வதில்லை. கற்பூர மரத் தோட்டத்தை மட்டும் (சமவெளியில் தைல மரம் என்பதை மலைக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள்) காடு என்று சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்கிவிட்டார்கள். உயரமாக இருக்கிறது, பச்சையாக இருக்கிறது, அது போதுமாம்!

முதலில் மரத்தின் மீது பழி போடாமல் அதன் கதையைப் பார்த்துவிட வேண்டும். ஊட்டியில் நிற்கும் 'புளூ கம்' என்ற யூகலிப்டஸ் வகையின் தாய்வீடு டாஸ்மேனியாவும் அதை ஒட்டிய தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும். 1792இல் டாஸ்மேனியாக் கரையில் இறங்கிய லாபில்லார்டியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்தான் இதைச் சேகரித்து, 1800இல் அறிவியல் உலகுக்கு விவரித்தார். நன்றாக வளர்ந்த மரம் 60 மீட்டரைத் தாண்டும். அதாவது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோடு போட்டி போடுகிற உயரம். டாஸ்மேனியாவின் மாநில மலரே இதன் பூதான். அங்கே 'ஸ்விஃப்ட்' கிளி என்று ஒரு சிறிய பச்சைக்கிளி உண்டு. இந்த மரத்தின் பூந்தேனை நம்பித்தான் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே இந்த மரங்களை வெட்டியதால் அந்தக் கிளி அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இதுதான் கூத்து. எங்கே இந்த மரம் ஒரு பறவைக்கு உயிரோ அங்கே வெட்டினார்கள். எங்கே இதன் இலையை எருமைகூட முகர்ந்து பார்க்காதோ அங்கே மலை மலையாக நட்டார்கள்!

நட்டதற்குக் காரணம் இயற்கை மீதான காதல் ஒன்றுமில்லை. குளிர். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய பிறகு, வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊட்டிக்கு வந்து பங்களா கட்டினார்கள். பட்டாளமும் வந்தது. அத்தனை வீட்டுக் கணப்படுப்புக்கும் விறகு வேண்டும். சோலை மரங்களை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளர்கிற ஜாதி, வெட்டிய வேகத்துக்கு வளரவில்லை. இப்போது என்ன செய்வது? வேகமாக வளர்கிற விறகு மரமாகப் பார்த்துக் கொண்டுவா! இப்படித்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் வந்தது. 1843இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவ அதிகாரி வழியாகக் கற்பூர மரம் வந்தது. டாஸ்மேனியக் குளிரில் பழகிய மரத்துக்கு ஊட்டிக் குளிர் மாமியார் வீட்டு விருந்து. அதன் சொந்த ஊர்ப் பூச்சிகளும் நோய்களும் கூடவே கப்பலேறவில்லை. வெட்டினால் அடிமரத்திலிருந்தே மறுபடி துளிர்க்கும். பத்து வருடத்துக்கு ஒரு தரம் அறுவடை. வளராமல் என்ன செய்யும்?

ஆங்கிலேயன் மீது பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. 1947க்குப் பிறகுதான் பெரிய அளவில் நட்டார்கள். ரேயான் துணி நூலுக்கு மரக்கூழ் வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வளர்ச்சித் திட்டங்களின் பெயரில் புல்வெளி புல்வெளியாகக் குழி தோண்டப்பட்டது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலை பவானி ஆற்றை நாறடித்துவிட்டு மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மலையில் நட்ட மரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, அந்த மரங்களுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? "ஒன்றுமில்லை, வெறும் புல்" என்று பதில் வரும். இந்த "வெறும்" என்ற சொல்லைத்தான் பிடித்து உலுக்க வேண்டும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆனைமலையிலும் உச்சிப் பகுதிகளில் இயற்கை ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்திருக்கிறது. மலை மடிப்புகளில், ஓடை ஓரங்களில், குட்டையான நெருங்கிய மரங்களோடு சோலை. மீதி மேடு முழுவதும் புல்வெளி. காற்றும் உறைபனியும் அடிக்கிற திறந்த சரிவில் சோலை மரக் கன்று பிழைப்பது அரிது, புல் பிழைக்கும். ஆகவே, அது யாரோ காட்டை அழித்ததால் வந்த புல் என்ற வாதம் நிற்காது. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண் அடுக்குகளை ஆய்வு செய்து ஆர். சுகுமாரும் சக விஞ்ஞானிகளும் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மரமும் வெப்பமண்டலப் புல்லும் காற்றிலிருந்து கரியை வாங்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு மண்ணில் கையெழுத்து மாதிரி தங்கிவிடும். அதைப் படித்துப் பார்த்தால் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது! தமிழ் மொழியைவிட, உழவைவிட, சக்கரத்தைவிட வயதான புல். அதைத்தான் வருவாய்த்துறைக் கணக்கில் "தரிசு" என்று எழுதினார்கள். இன்றைக்கும் மத்திய அரசின் தரிசு நில வரைபடங்களில் புல்வெளிகள் பலவும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்துவைக்கப்படுகின்றன.

இந்தத் தரிசு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால், தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. பருவமழையை வாங்கிச் சதுப்பிலும் புல்வேரிலும் தேக்கிவைத்து, மழை நின்ற மாதங்களில் சிறுகச் சிறுகக் கசியவிடுவது அதன் வேலை. அந்தக் கசிவை நம்பித்தான் 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கசிவுதான் கீழே பவானி, மோயாறு என்று ஓடுகிறது. ஈரோட்டுக்காரனின் மஞ்சளுக்கும் வாழைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

இங்கே சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் உணர்ச்சிப் பேச்சு எதுவும் வேண்டாம். அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையமே ஊட்டியில் இருந்துகொண்டு கணக்குப் போட்டது. கிளென்மார்கன் என்ற இடத்தில் அருகருகே இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதிகள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டார்கள். இன்னொன்றின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டு ஓடைகளிலும் ஓடிவந்த தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பகுதியிலிருந்து வரும் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. கால்வாசித் தண்ணீர்! அதிலும் அடி விழுந்தது கோடைக்காலக் கசிவில்தான், அதாவது கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் எப்போது தேவையோ அப்போது. இந்தக் கணக்கு அரசு அலுவலகத்திலேயே இருக்கிறது. படிப்பவர்தான் இல்லை.

தண்ணீர் மட்டுமா? தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. புல்வெளி இருந்தால்தான் வரையாடு. 2023இல் வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கினார்கள். 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் 1031 ஆடுகள், 2025இல் 1303. எண்ணிக்கை கூடியிருப்பது சந்தோஷம்தான். ஆனால் ஒரு மாநிலத்தின் சின்னமான விலங்கு மொத்தமாக ஒரு கல்லூரி மாணவர் எண்ணிக்கைகூட இல்லை என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கற்பூர மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் எண்ணெய்ப் பசை இலையைத் தின்று அது வாழ முடியாது. நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை இந்த மலைகளின் புல்வெளியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. குறிஞ்சியும் திறந்த வெளிப் புதர்தான். மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். நட்ட மரங்களின் இருட்டுக்கு அடியில் அது பூக்காது.

தோடர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களுடைய சால்வைப் பூவேலை எல்லாருக்கும் பிடிக்கும். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அவர்களுடைய வாழ்வே எருமையைச் சுற்றி, எருமையின் வாழ்வு புல்லைச் சுற்றி. கோயில் கூரை வேய்வதற்குக்கூட சதுப்பில் வளரும் குறிப்பிட்ட புல்தான் வேண்டும். அதைத் தேடி இப்போது மலை மலையாக அலைகிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் மரத்தை நட்டு, சதுப்பை வற்றவிட்டு, அப்புறம் அந்தச் சால்வையைக் கண்காட்சியில் தொங்கவிட்டால் பண்பாடு காப்பாற்றப்பட்டதாகிவிடுமா?

எவ்வளவு போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. பழனி மலையின் உயர்பகுதியைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்த ஆய்வு 2018இல் வெளியானது. நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது. காரணம், மரத்தோட்டங்களும் விவசாயமும். இது எந்த வெள்ளைக்காரன் காலத்திலும் நடந்ததல்ல. ஏறக்குறைய பாரதிராஜா படம் எடுக்க ஆரம்பித்த காலத்துக்கும் செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலத்துக்கும் இடையில் நடந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இத்தனை இழப்பும் அரசாங்கக் கணக்கில் எப்படிப் பதிவாகும் தெரியுமா? லாபமாக!

இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நாட்டின் காட்டுப் பரப்பை வெளியிடுகிறது. அதில் காடு என்பதற்கு என்ன இலக்கணம்? ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் பரப்பு இருக்க வேண்டும். மரத் தழை பத்து சதவீதமாவது தரையை மூடியிருக்க வேண்டும். நிலம் யாருடையது, மரம் எந்த ஜாதி என்ற கேள்வியே கிடையாது. ஆக, தைல மரத் தோப்பு காடு, தென்னந்தோப்பு காடு, இருபதாயிரம் ஆண்டுப் புல்வெளி காடு இல்லை. புல்வெளியை அழித்து மரம் வைத்தால் "வனப்பரப்பு அதிகரிப்பு" என்று பத்திரிகையில் செய்தி வரும். இதற்கு மேல் 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை வேறு. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு மரப்போர்வை வேண்டுமாம், மலைகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். தமிழக அரசும் 2022இல் பசுமை இயக்கம் தொடங்கி 33 சதவீதத்தைத் தொடுவோம் என்று அறிவித்தது. எண்ணை எட்டுவதுதான் இலக்கு என்றால் கன்று நட வெற்றிடம் தேடுவார்கள். பார்ப்பவன் கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரிவது எது? புல்வெளிதான்.

கல்லூரி என்.எஸ்.எஸ். முகாம்களில் நடப்பதும் இதே கதையின் சின்னப் பதிப்புதான். ஜூன் 5 ஆனால் கன்று, குழி, குடம், போட்டோ. எந்த மண்ணில் எந்தக் கன்று என்று கேட்கிற மாணவனைப் பார்த்து "மரம் நடுறதுக்குக் கூடவா ஆராய்ச்சி?" என்கிறார்கள். ஆமாம், அதற்கும்தான்!

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் சில சரியானவையும்கூட.

"அந்நியம் அந்நியம் என்கிறீர்களே, உருளைக்கிழங்கு அந்நியம், கேரட் அந்நியம், மிளகாய் அந்நியம், தேயிலையும் அந்நியம்தானே?" நியாயமான கேள்வி. எந்த ஊர்க்காரன் என்பது குற்றமே அல்ல. வந்த இடத்தில் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. மிளகாய்ச் செடி தோட்டத்தின் வேலியைத் தாண்டிப் போய் மலையை மூடவில்லை. கற்பூர மரமும் பெரும்பாலும் நட்ட இடத்தில்தான் நிற்கிறது, அதைப் பரப்பியது மனிதக் கை. சீகைதான் கால் முளைத்து ஓடுகிறது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உறங்கும். தீ பட்டால் ஆயிரக்கணக்கில் எழுந்து நிற்கும்.

"மரம் கரியை உறிஞ்சுகிறது, உலகம் சூடாகும் காலத்தில் மரத்தைக் குறை சொல்லலாமா?" புல்வெளியும் கரியைச் சேமிக்கிறது, ஆனால் மண்ணுக்கு அடியில், கண்ணில் படாமல். தைல மரத்தின் கரி தரைக்கு மேலே, எண்ணெய் தடவிய விறகாக நிற்கிறது. போர்ச்சுகலில் காட்டுப் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு இதே டாஸ்மேனிய மரம், எல்லாம் காகிதக் கூழுக்காக. 2017 ஜூனில் அங்கே பெத்ரோகாவ் கிராந்தெ பகுதியில் பற்றிய தீயில் 66 பேர் இறந்தார்கள், பலர் காரில் தப்பியோடும்போது சாலையிலேயே. வெயிலும் இடியும் காற்றும் காரணம்தான். ஆனால் சாலையின் இரு பக்கமும் நின்றது என்ன மரம் என்பதையும் அந்த நாடு மறக்கவில்லை. அதே ஆண்டு புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தார்கள்.

"அப்படியென்றால் நாளைக்கே எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?" வேண்டாம். மரம் நடுகிற ஆர்வத்தில் இருந்த அதே அவசரம் வெட்டுகிற ஆர்வத்திலும் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சரிவு முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் அடுத்த மழையில் மண் கீழே வரும், அதற்கடுத்த வெயிலில் சீகைக் கன்றுகள் மேலே வரும். சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதையும் கொடைக்கானல் பக்கம் பார்த்திருக்கிறார்கள். அங்கே வாளை ஓங்குவதும் முட்டாள்தனம். தேயிலைத் தொழிற்சாலைகளில் இலை உலர்த்த விறகு வேண்டும், ரோட்டோரக் கொட்டகையில் இலையைக் காய்ச்சித் தைலம் எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வேறு வழி சொல்லாமல் "அந்நிய மரமே வெளியேறு" என்று கோஷம் போடுவது எளிது, அவ்வளவுதான்.

ஆனால் பொறுமையாகச் செய்ய வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 1995இல் 'தண்ணீருக்காக உழைப்போம்' என்ற பொருளில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. இதே சீகை, இதே யூகலிப்டஸ், பைன் எல்லாம் அங்கேயும் ஆறுகளைக் குடித்துக்கொண்டிருந்தன. வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, ஆற்றுப்படுகைகளாகப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் அகற்றினார்கள். வெட்டியதோடு விடாமல், மறுபடி முளைப்பதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பிடுங்கினார்கள். இங்கே சென்னை உயர் நீதிமன்றம் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லிப் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. 2022இல் மாநில அரசும் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. முதல் முறை வெட்டுவதற்கு டெண்டர் எடுக்க ஆள் வருவார்கள், ஏனென்றால் மரத்துக்கு விலை இருக்கிறது. மூன்றாம் வருடம் குனிந்து சீகைக் கன்றைப் பிடுங்குவதற்கும், புல்லைக் கொத்துக் கொத்தாகப் பெயர்த்து வந்து நடுவதற்கும் கூலி யார் கொடுப்பது? அந்த வரிசையில் நிதி ஒதுக்காத எந்தத் திட்டமும் மர வியாபாரம்தான், மீட்பு அல்ல. அந்த வேலைக்குப் புல்லின் பெயர் தெரிந்த தோடர்களையும் இருளர்களையும் விட்டால் வேறு யார் பொருத்தம்?

அதற்கும் முன்னால் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். அறிக்கையில் "காடு" என்று ஒரு கட்டம் இருப்பது போல் "இயற்கைப் புல்வெளி" என்று தனியாக ஒரு கட்டம் வேண்டும். அந்தக் கட்டத்தில் மரம் நட்டால் அது இழப்பு என்று எழுத வேண்டும்.

இப்போதைய கணக்குப்படி என்ன ஆகும் என்றால், ஒரு வன ஊழியரும் நாலு தொழிலாளிகளும் பத்து வருடம் பாடுபட்டு, ஒரு சரிவில் சீகையை ஒழித்து, புல்லை நட்டு, ஓடையில் மறுபடி தண்ணீர் வந்து, வரையாடு இரண்டு வந்து மேய்கிறது என்று வையுங்கள். அடுத்த வன அறிக்கை வரும்போது அந்தச் சரிவின் மீது ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். காடு அழிக்கப்பட்ட இடம் என்று அதற்கு அர்த்தம்.